ரோஜர் கேஸ்மெண்ட்

அயர்லாந்து தேசத்தின் விடுதலைச் சரித்திரத்தைப் பற்றிப் பேசும்பொழுது நம்மவர் டி வலேராவையும் மைக்கேல் காலின்ஸையும் நினைப்பர். 74 நாள் உண்ணாவிரதமிருந்து 1920-ல் உயிர்நீத்த கார்க் நகரத்து மேயர் மாக்ஸ்வினியை நினைப்பர். ரோஜர் கேஸ்மெண்டின் பெயரை அறிந்தவர்களும், அவர் 1916-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வர். அவரைத் தூக்கிலிட்ட ராஜாங்கமே அதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன்பு அவருக்கு ‘ஸர்’ பட்டமளித்துக் கௌரவித்தது என்பதும், அப்பட்டம் எதன்பொருட்டு அளிக்கப்பட்டது என்பதும், பின்பு அவர் உயிரை வாங்குவதற்குச் சட்டம் எவ்வாறு வாசிக்கப்பட்டது என்பதும் அதிகமாகப் பேசப்படுவதில்லை. நியாயஸ்தலத்தில் பழகியவரானபடியால் இக்கடைசி விஷயத்தில் நமக்குச் சற்று ஆவல் அதிகம். அங்கே நாம் கொஞ்சம் தாமதித்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேஸ்மெண்ட் 1864-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 1-ந் தேதி, டப்ளின் நகரத்தை அடுத்த ஸாண்டிகோவ் என்னும் கடற்கரையூரில் பிறந்தார். தந்தை பிராட்டெஸ்டண்டு மதத்தினர். பிரிட்டிஷ் குதிரைப்படையில் அதிகாரியாயிருந்து 1842-ல் ஆப்கன் யுத்தத்தில் பங்குகொண்டவர். குழந்தைக்கு நான்கு வயது நிரம்பு முன்னரே, தாய் கணவருக்குத் தெரியாமல் வேல்ஸ் நாட்டில் ஓர் ஆலயத்தில் அதற்குக் கத்தோலிக்க முறைப்படி ஞானஸ்நானம் செய்வித்தாள். ஒன்பதாம் வயதில் தாயையும், பன்னிரண்டாம் வயதில் தந்தையையும் இழந்த அப்பையன், வட அயர்லாந்தில் ஆண்ட்ரிம் ஜில்லாவிலிருந்த உறவினர் ஆதரவில் வளர்ந்தான். படிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. லிவர்பூல் நகரத்தில், மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் விடும் எல்டர் டெம்ஸ்டர் கம்பெனியில் குமாஸ்தாவாக அமர்ந்து, இருபது வயதில் காங்கோ நதிக்கரையை அடைந்தான்.

அக்காலத்தில் ஐரோப்பிய வல்லரசுகள் ஆப்பிரிக்காக் கண்டத்தைப் பாகம் பிரித்துக்கொண்டிருந்தன. 1884-85-ல் பெர்லின் நகரில் கூடிய மகாநாட்டின் முடிவாக, பெல்ஜிய மன்னர் லியோபோல்டு, காங்கோப் பிரதேசம் முழுவதையும் தம் சொந்தச் சொத்தாகவே அடைந்தார். அடிமை வியாபாரத்தை ஒழிக்கவும் நாகரிகத்தைப் பரப்பவுமே தாம் அங்கே செல்வதாக அவர் உலகத்துக்குச் சொன்னார். உலகம் நம்பிற்று, வாலிபராயிருந்த கேஸ்மெண்டும் நம்பி, அம்மன்னரின் ஸ்தாபனத்திலேயே சில வருஷங்கள் ஊழியம் செய்தார். பிற்காலத்தில் பெரிய நாவலாசிரியராகப் புகழ்பெற்ற ஜோஸப் கான்ராடு 1890-ல் மட்டாடி துறையில் அவரைச் சந்தித்துப் பழகியது இந்தக் காலத்தில்தான். பின்னர் கேஸ்மெண்ட் பிரிட்டிஷ் ராஜாங்க உத்தியோகத்தில் சேர்ந்து, 1895 முதல் ஆப்பிரிக்காவில் கான்ஸலாக வேலை பார்த்தார். போயர் யுத்தம் நடந்தபொழுது, போயர்களுக்கு ஆயுதம் போகாதபடி டெலகோவாக் குடாவிலிருந்து செல்லும் ரயில்பாதையைத் தகர்க்க வேண்டுமென்று யோசனை கூறியவரும் அவரே. ஒரு சிறு ஜனசமூகம் தன் சுதந்திரத்துக்காகப் பொருதுவதை அன்று அவர் பிரிட்டிஷ் கண்கொண்டே பார்த்தார். இதை மறைப்பதில் பயனில்லை.

காங்கோவிலிருந்து கொடுமைச் செய்திகள் வந்த வண்ணமிருந்தன. எல்டர் டெம்ஸ்டர் கம்பெனியிலேயே குமாஸ்தாவாயிருந்த மோரெல் என்பவர், கணக்குப் புத்தகங்களைப் பார்த்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். காங்கோவிலிருந்து வரும் கப்பல்களில் ரப்பரும் தந்தமும் நிரம்பி வந்தன. திரும்பிப் போகும் கப்பல்களிலோ துப்பாக்கியும் தோட்டாவுமே பெரும்பாலும் போயின. சரக்குக்கு விலையாக ஒன்றும் போகவில்லையென்றால், அச்சரக்கு கூலியில்லாத கட்டாய வேலையினாலேயே சேகரிக்கப்படுகிறதென்பது வெளிப்படை. பார்லிமெண்டில் விவாதம் எழுந்தது. 1903-ம் வருஷம் நேரில் விசாரித்துவரும்படி பிரிட்டிஷ் வெளிநாட்டு இலாகா கேஸ்மெண்டுக்குக் கட்டளையிட்டது.

அவர் லியோபோல்டின் அதிகாரிகளிடம் கப்பல் கேட்கவில்லை. அமெரிக்கப் பாதிரிமாரிடம் ஒரு சிறு நீராவிப் படகை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, இஷ்டப்பட்ட இடத்தில் இறங்கி, இஷ்டப்பட்டவரை விசாரித்தார். பதினைந்து வருஷங்களுக்கு முன்பு தாமே கண்ட செழிப்பான ஊர்கள் பாழடைந்து கிடந்தன. குறிப்பிட்ட அளவு ரப்பர் கொண்டுவராத கிராமத்தின் ஸ்திரீகளைப் பிணையாகப் பிடித்து அடைத்துவைப்பார்கள். ஆடவர் காட்டுக்குட் சென்று ரப்பர்க்கொடி தேடிப் பால் எடுத்து வந்து அவர்களை மீட்கவேண்டும். எதிர்த்த ஊரின் மீது சிப்பாய்களை ஏவுவார்கள். சிப்பாய்கள் தோட்டாக்களை வீணாக்கவில்லையென்பதற்கு அத்தாட்சியாக வெட்டிய கைகளைக் கொண்டுவந்து காட்டவேண்டுமென்பது ஏற்பாடு. கையிழந்த சிறுவர்களைக் கேஸ்மெண்ட் நேரில் கண்டு, அவர்கள் வாக்குமூலங்களைப் பதிந்துகொண்டார். ஓர் உத்தியோகஸ்தரின் உலர்ந்த நடையில் எழுதப்பட்ட அந்த அறிக்கை 1904-ல் வெளியாயிற்று. வெளிநாட்டு இலாகா அதில் ஊர்ப்பெயர், ஆட்பெயர் யாவற்றையும் நீக்கி எழுத்துக்களை மட்டும் இட்டு வெளியிட்டபடியால் கேஸ்மெண்டுக்கு மிகுந்த வருத்தம். சாட்சியின் பெயரை அழித்துவிட்டுச் சாட்சியத்தை நம்பு என்றால் எப்படி? ஆயினும் அறிக்கை தன் வேலையைச் செய்தது. மோரெல் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தை ஆரம்பித்தார். சொந்தப் பணமில்லாத கேஸ்மெண்ட் அதற்கு 100 பவுன் கொடுத்தார். லியோபோல்டு தாமே நியமித்த கமிஷனும் குற்றங்களை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1908-ல் காங்கோ மன்னரின் கையினின்று பிடுங்கப்பட்டு பெல்ஜிய ராஜாங்கத்தைச் சேர்ந்தது.

சில வருஷங்களில் அதே கதை உலகத்தின் மற்றொரு கோடியில் எழுந்தது. தென் அமெரிக்காவில் அமேசான் நதியின் கிளையான புட்டுமாயோ நதிக்கரைக் காடுகளில் ஜூலியோ அரானா என்னும் பெரு தேசத்து வியாபாரி ரப்பர் சாம்ராஜ்யமொன்றை நிறுவியிருந்தான். அவன் கம்பெனி 1907-ல் லண்டனில் பதிவாயிற்று. டைரக்டர்களில் ஆங்கிலப் பிரமுகர்களும் இருந்தனர். கண்காணிகளாக பார்படோஸ் தீவினரை அழைத்துச் சென்றிருந்தார்கள். அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதைக் காரணமாகக் கொண்டு 1910-ல் கேஸ்மெண்ட் அங்கு அனுப்பப்பட்டார். அவர் அந்தக் கண்காணிகளை ஒருவர் பின் ஒருவராக அழைத்து விசாரித்தார். தாங்கள் அடித்ததையும் கொன்றதையும் அவர்கள் தாமே ஒப்புக்கொண்டனர். நிறையில் ரப்பர் குறைந்த இந்தியக் குடிகளைத் தொழுமரத்தில் கால் மாட்டிப் பட்டினி போடுவதும், சவுக்கால் விளாசுவதும் அங்கே நாள்தோறும் நடந்த காரியங்கள். பெரியோர் முதுகிலும் சிறுவர் முதுகிலும் அரானாவின் முத்திரைபோல் தழும்புகள் கிடந்தன. இந்த விசாரணைக்காகத்தான் 1911-ல் கேஸ்மெண்ட் ‘ஸர் ரோஜர்’ ஆனார். அறிக்கை 1912-ல் அச்சாயிற்று, பார்லிமெண்டுக் கமிட்டி கூடிற்று, கம்பெனி கலைந்தது. அரானாவுக்குத் தண்டனை ஒன்றும் நேரவில்லை. அவன் பிற்காலத்தில் பெரு தேசத்து செனட்டராகவும் விளங்கினான்.

காங்கோவிலும் புட்டுமாயோவிலும் கண்ட காட்சிகள் ஸர் ரோஜரின் உள்ளத்தில் ஒரு கேள்வியை விதைத்தன. பிறர் நிலத்தைப் பறித்து, அவர் பாஷையை அழித்து, அவர் உழைப்பை உறிஞ்சும் இந்த ஏற்பாட்டைத் தன் பிறந்த மண்ணில் தான் ஏன் காணவில்லை என்பதே அது. 1913-ல் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கான்னிமாரா என்னும் ஏழைப் பிரதேசத்தில் விஷஜுரம் பரவிற்று. அங்கே சென்று குடிசைகளைப் பார்த்த கேஸ்மெண்ட், இதுவும் ஒரு புட்டுமாயோவே என்று கண்டு, குழந்தைகளின் சாப்பாட்டுக்காகப் பண வசூல் செய்தார். அவ்வருஷத்திலேயே உத்தியோகத்தினின்று விலகினார். காலனி ஆட்சியை நேரில் விசாரித்தறிய ஒருவருக்குப் பிரிட்டிஷ் ராஜாங்கமே இருபது வருஷம் சம்பளம் கொடுத்துப் பயிற்சி அளித்ததென்றால் மிகையாகாது.

அப்பொழுது அயர்லாந்தில் சுயாட்சி மசோதாவைப் பற்றிய கலகம் முற்றியிருந்தது. மசோதா சட்டமானால் ஆயுதமெடுத்து எதிர்ப்போம் என்று வட அயர்லாந்தின் பிராட்டெஸ்டண்டுகள், எட்வர்டு கார்ஸன் என்ற பிரபல பாரிஸ்டரின் தலைமையில் தொண்டர்படை திரட்டினர். 1914 ஏப்ரலில் சுமார் 25,000 துப்பாக்கிகளை ஜர்மனியிலிருந்து கள்ளத்தனமாகத் தருவித்து லார்ன் துறைமுகத்தில் இறக்கினர். எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. அவ்வணிக்குப் பக்கபலமாக நின்ற ஆங்கில வக்கீல்களில் எப். இ. ஸ்மித் என்பவர் முக்கியமானவர். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க. இதற்கு எதிராகத் தேசீயவாதிகள் ஐரிஷ் தொண்டர்படையை அமைத்தனர். கேஸ்மெண்டும் சில நண்பர்களும் லண்டனில் கூடி 1,500 பவுன் சேர்த்து, ஜர்மனியிலேயே 1,500 பழைய துப்பாக்கிகள் வாங்கினார்கள். ஜூலை 26-ந் தேதி அவற்றில் 900, டப்ளினுக்கருகில் ஹௌத் துறையில் பட்டப்பகலில் இறங்கின. அன்று மாலையே பட்டாளத்தார் டப்ளின் வீதியில் ஜனங்களைச் சுட்டனர்.

ஒரு வாரத்துக்குள் ஐரோப்பிய யுத்தம் மூண்டது. கேஸ்மெண்ட் அப்பொழுது அமெரிக்காவிலிருந்தார். அங்கிருந்து நார்வே வழியாக ஜர்மனி சென்றார். வழியில், நார்வேயிலிருந்த பிரிட்டிஷ் ஸ்தானிகர், கேஸ்மெண்டின் வேலைக்காரனுக்கு, எஜமானனைப் பிடித்துக்கொடுத்தால் 5,000 பவுன் தருவதாகக் கையெழுத்திட்டே வாக்களித்தார். ஜர்மனியில் கேஸ்மெண்டின் முயற்சி, உண்மையைச் சொன்னால், தோல்வியே. ஜர்மானியரிடம் கைதிகளாயிருந்த ஐரிஷ் சிப்பாய்களைக் கொண்டு லிம்பர்க் முகாமில் ஒரு படை திரட்ட எண்ணினார். கைதிகளில் பெரும்பாலோர் அவரைக் கூக்குரலிட்டு விரட்டினர். சேர்ந்தவர் சுமார் 56 பேர். அச்சிப்பாய்களின் குடும்பங்கள் பிரிட்டிஷ் சர்க்கார் கொடுக்கும் படியை நம்பி அயர்லாந்தில் வாழ்ந்தன. அவர்கள் மனத்தை அறியாமல் அவர் இறங்கியது பிசகு. ஜர்மானியருக்கும் அயர்லாந்தின் சுதந்திரத்தில் சொந்த லாபத்துக்கு மேற்பட்ட அக்கறையில்லை என்பதை அவர் மெள்ள மெள்ள உணர்ந்து மனமுடைந்தார்.

1916 ஈஸ்டர் பண்டிகையில் டப்ளினில் புரட்சி நடத்தத் தலைவர்கள் தீர்மானித்தனர். ஜர்மனி 20,000 துப்பாக்கிகளோடு, நார்வே கப்பல் போல் வேஷமிட்ட ‘ஆட்’ என்ற கப்பலை அனுப்பிற்று. படைவீரர் ஒருவரையும் அனுப்பவில்லை. இந்த உதவியை நம்பிப் புரட்சி செய்தால் வாலிபர்கள் வீணே மடிவார்கள் என்று கருதிய கேஸ்மெண்ட், அதை நிறுத்தவேண்டுமென்ற எண்ணத்தோடே நீர்மூழ்கிக் கப்பலேறினார். ஏப்ரல் 21-ந் தேதி, பெரிய வெள்ளியன்று விடியுமுன், கெர்ரி ஜில்லாவில் பான்னா மணற்கரைக்கு அப்பால் அவரும் இரு தோழர்களும் ஒரு சிறு தோணியில் இறக்கப்பட்டனர். தோணி அலையில் கவிழ்ந்தது. நனைந்து, ஜுரத்தால் நடக்கமாட்டாமல் ஒரு பழைய மண்கோட்டையில் தங்கியிருந்தவரை அன்றே போலீஸார் கைதுசெய்தனர். பெர்லினிலிருந்து வில்ஹெல்ம்ஸ்ஹாவனுக்கு வாங்கிய ரயில் டிக்கட்டு சட்டைப்பையிலேயே கிடந்தது. தேதி மாறியது தெரியாமல் காத்திருந்த ஆயுதக் கப்பலையும் பிரிட்டிஷ் கப்பல்கள் சூழ்ந்தன; அதன் கேப்டன் மறுநாள் கார்க் துறைமுகத்தின் வாயிலில் தாமே அதை மூழ்கடித்தார். திங்கட்கிழமை டப்ளினில் புரட்சி எழுந்தது. அதன் தலைவர்கள் ராணுவ விசாரணையில் சுடப்பட்டனர். கேஸ்மெண்டுக்கு மட்டும் லண்டனில் ஜூரி விசாரணை.

இனி வழக்கு. பெரிய ஆங்கில பாரிஸ்டர்கள் ஒருவரும் அவருக்காக ஆஜராகச் சம்மதிக்கவில்லை. ஸாலிஸிட்டர் காவன் டப்பி முன்வந்தார். இவ்வழக்கை ஏற்றால் கம்பெனியை விட்டு விலக வேண்டுமென்று அவருடைய கூட்டாளிகள் சொன்னார்கள். அவர் விலகினார். தன் தொழிலையே பணயம் வைத்துக் கட்சிக்காரரைக் கைவிடாத இந்த ஒருவர்முன் நம் தொழிலினர் அனைவரும் தலைவணங்கலாம். டப்ளினிலிருந்து ஸல்லிவன் என்ற வக்கீல் வந்தார். எதிர்த்தரப்பில் நின்ற அட்டர்னி ஜெனரல் யார்? மேலே குறித்த எப். இ. ஸ்மித்! ஜர்மன் துப்பாக்கி தருவித்த கூட்டத்தின் நண்பர், ஜர்மன் துப்பாக்கி தருவித்ததற்காக மற்றொருவரின் உயிரைக் கேட்டார். அவருக்கு முன்பு அட்டர்னி ஜெனரலாயிருந்தவரோ ஸாக்ஷாத் கார்ஸனே.

குற்றச்சாட்டு, மூன்றாவது எட்வர்டு மன்னன் 1351-ல் நார்மன் பிரெஞ்சு பாஷையில் இயற்றிய ராஜத்துரோகச் சட்டத்தின்படி. ராஜ்யத்துக்குள் இருந்துகொண்டு அரசனுடைய சத்துருக்களோடு சேர்வது குற்றம் என்கிறது அச்சட்டம். தொடர்ந்து, அவர்களுக்கு ராஜ்யத்திலாவது வேறிடத்திலாவது உதவியளிப்பதைக் குறிப்பிடுகிறது. கேஸ்மெண்ட் செய்த யாவும் ஜர்மனியில் செய்தவை. ஆகவே, ‘வேறிடத்திலாவது’ என்ற சொற்கள் எதைத் தழுவுகின்றன என்பதே கேள்வி. அவை உதவியை மட்டும் தழுவுமாயின், துரோகி ராஜ்யத்துக்குள் இருந்திருக்க வேண்டும், கேஸ்மெண்ட் குற்றவாளியல்ல. சேர்க்கையையும் தழுவுமாயின் அவர் குற்றவாளி. மூலச் சட்டத்திலோ இன்றைய முறைப்படியான நிறுத்தக்குறிகள் இல்லை. நீதிபதிகள் இருவர் ஆவணக் காப்பகத்துக்கே சென்று, ஐந்நூற்றறுபத்தைந்து வருஷம் பழமையான தோற்சுருளை நேரில் பரிசோதித்து, சொற்களிடையே கண்ட கோடுகளை ஆதாரமாகக் கொண்டனர். கேஸ்மெண்டைத் தூக்கிலிட்டது ஒரு காற்புள்ளி என்று அன்றுமுதல் வழங்கும் பேச்சு இதிலிருந்து பிறந்தது.

இதில் நம் அபிப்பிராயத்தையும் மறைக்கவேண்டியதில்லை. ஸல்லிவனின் வாதம் சாமர்த்தியமானது. ஆனால் கோக் முதலிய பழைய சட்ட ஆசிரியர்கள் நீதிபதிகளின் பக்கமே நின்றனர். பிரிட்டிஷ் பிரஜை ஒருவர் பிரிட்டிஷ் சட்டத்துக்கு உட்பட்டவரென்று வைத்துக்கொண்டால், தீர்ப்பு அநியாயமென்று சொல்ல நமக்குத் துணிவில்லை. உண்மையான கேள்வி அதற்கு முந்தியது. ஐரிஷ்காரன் எந்த முறையில் ஆங்கில மன்னரின் பிரஜையானான்? மூன்றாம் நாள் வாதத்தின் நடுவே ஸல்லிவன் சோர்ந்து விழுந்தபின், ஜூரிகள் ஒரு மணி நேரத்துக்குள் குற்றவாளி என்றனர். அப்பொழுது கூண்டிலிருந்து கேஸ்மெண்ட் பேசிய பேச்சு இந்தக் கேள்வியையே கேட்டது. தன்னை விசாரிக்க வேண்டியவர்கள் அயர்லாந்து நாட்டு ஜூரிகளே என்றும், விசுவாசம் அன்பினால் விளைவதேயன்றிச் சட்டத்தால் விளைவதன்று என்றும் அவர் வாதித்தார். வாலிபப் பருவத்தில் அப்பேச்சைப் படித்துத் தாம் உள்ளம் நெகிழ்ந்ததை ஜவஹர்லால் நேரு தம் சுயசரிதத்தில் குறித்திருக்கிறார். 1945-ல் செங்கோட்டையில் இந்திய தேசீய ராணுவத்து அதிகாரிகள் மூவரை விசாரித்தபோது பூலாபாய் தேசாய் எழுப்பியதும் ஏறக்குறைய இதே கேள்விதான். அவர்களுக்கு விதித்த தீவாந்தர சிட்சை 1946 ஜனவரியில் ரத்தாயிற்று. கேஸ்மெண்டுக்கு அத்தகைய பாக்கியம் இல்லை.

நாம் மன்னிக்கமுடியாதென்று கருதுவன வேறு இரண்டு. அப்பீல் தள்ளுபடியானபின், பிரபுக்கள் சபைக்கு மேல் அப்பீல் செய்ய அட்டர்னி ஜெனரலின் அனுமதி வேண்டும். வழக்கு நடத்திய ஸ்மித்தே அதைத் தர மறுத்தார். வாதியே மேல்கோர்ட்டின் கதவுக்குக் காவல்காரராயிருக்கும் சட்டத்தை என்னென்பது! இரண்டாவது, டைரி விவகாரம். கேஸ்மெண்டின் பெட்டிகளில் அகப்பட்டனவென்று சொல்லப்பட்ட நாட்குறிப்புக்களில், ஆடவரோடு அவர் கொண்ட உறவுகள் எழுதப்பட்டிருந்தன. அந்நாளில் இங்கிலாந்தில் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வழக்குக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கட்சிக்காரர் புத்தி ஸ்வாதீனமற்றவரென்று வாதிக்க உதவுமென்று முதலில் அவை எதிர்த்தரப்பு வக்கீல்களிடம் நீட்டப்பட்டன; ஸல்லிவன் அவற்றைப் பார்க்கவும் மறுத்தார். பிறகு போலீஸ் அதிகாரிகளும் கடற்படை ஒற்றர் இலாகாவினரும் அவற்றின் நகல்களைப் பத்திரிகாசிரியர்களுக்கும் அமெரிக்க ஸ்தானிகருக்கும் ரகசியமாகக் காட்டினர். கானன் டாயில் போன்ற பெரியோர்கள் தண்டனையைக் குறைக்கும்படி மனுச்செய்துகொண்டிருந்த சமயம் அது. பலர் வாயடைத்துப் போயினர். பழைய நண்பர் கான்ராடு மனுவில் கையெழுத்திடவில்லை. அவர் மறுப்புக்குக் காரணம் டைரியல்ல, துரோகமென்ற கருத்தே. டைரிகள் போலியென்று ஐரிஷ்காரர் பலர் பல்லாண்டு வாதாடினர். 2002-ல் நடந்த கையெழுத்துப் பரிசோதனை அவை கேஸ்மெண்ட் எழுதியனவே என்று முடிவுகூறிற்று. இன்னும் ஒப்பாதவர் உண்டு. மெய்யாயினும் பொய்யாயினும் நமக்கு ஒன்றே. எதிரி பதில் சொல்ல முடியாத இடத்தில், குற்றப்பத்திரிகையில் இல்லாத ஒன்றைக் காதோடு காதாகச் சொல்லி ஒருவருக்குக் கருணை கிடைக்காமற் செய்வது எந்த நீதிமுறை? அந்த உறவையும் தனிமையில் நிகழுமாயின் குற்றமல்லவென்று இங்கிலாந்தின் சட்டமே 1967-ல் தீர்மானித்துவிட்டது.

பட்டம் ஜூன் மாத இறுதியிலேயே பறிக்கப்பட்டது. ஆகஸ்டு 3-ந் தேதி காலை 9 மணிக்கு, குழந்தையில் தாய் செய்வித்த ஞானஸ்நானத்தின் மதத்திலேயே சேர்ந்து, பெண்டன்வில் சிறையில் கேஸ்மெண்ட் தூக்கிலிடப்பட்டார். உடல் சிறை மதிலுக்குள்ளேயே சுண்ணாம்பில் புதைக்கப்பட்டது. அதே சிறையில் 1909-ல் மதன்லால் திங்க்ரா தூக்கிலிடப்பட்டிருந்தார். 1940-ல் உத்தம் சிங் தூக்கிலிடப்பட்டார். உத்தம் சிங்கின் அஸ்தி 1974-லும், திங்க்ராவினுடையது 1976-லும் பாரத பூமி சேர்ந்தன.

கேஸ்மெண்டின் எலும்புகள் 49 வருஷம் அங்கேயே கிடந்தன. பல ஐரிஷ் மந்திரிசபைகள் கேட்டும் பிரிட்டன் கொடுக்கவில்லை. 1965 பிப்ரவரியில் வில்ஸன் மந்திரிசபை ஒரு நிபந்தனையோடு கொடுத்தது. வட அயர்லாந்துக்குக் கொண்டுபோகக்கூடாது என்பதே அந்நிபந்தனை. தம்மை ஆண்ட்ரிம் கரையில், சிறுவயதில் உலாவிய மர்லோ குடாவில் அடக்கம் செய்யவேண்டுமென்பது சிறையில் கேஸ்மெண்ட் தம் சகோதர உறவான ஜெர்ட்ரூடிடம் தெரிவித்த விருப்பம். மார்ச் 1-ந் தேதி டப்ளினில் கிளாஸ்நெவின் மயானத்தில் ராஜாங்க மரியாதையோடு அடக்கம் நடந்தது. 82 வயதான ஜனாதிபதி டி வலேரா, வைத்தியர் தடுத்தும் கேளாமல், பனிமழையில் நின்று சவக்குழியருகே பேசினார். மர்லோ குடாவிலே கேஸ்மெண்ட் கேட்ட ஆறடி மண் அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.